தொண்டை போன சீசன்: கொயர் நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சபைகளிலும் கல்லூரிகளிலும் பாடகர் குழு (கொயர்) நடத்துகிற கொயர் மாஸ்டர்களுக்கு செப்டம்பரில் தொண்டை கட்டும், ஜனவரியில் சரியாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ் முடிகிற வரைக்கும் பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை என்று ஆளுக்கொரு கைவைத்தியத்தை வைத்து ஓட்டிவிடுவார்கள். எனக்குச் சொல்லித் தந்தவரும் அப்படித்தான் ஓட்டினார், அவருக்குச் சொல்லித் தந்தவரும் அப்படித்தான். எனக்கு மட்டும் ஒரு வருடம் அது சரியாகவில்லை. குரல் நாணில் முடிச்சு விழுந்து, சீசனின் நடுவில் பேச்சே நின்று, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. அந்த நாட்களில் தேடிப் பார்த்தேன். பாடகர்கள் என்ன சாப்பிட வேண்டும், எதைக் குடிக்கக் கூடாது என்று நிறையக் கிடைத்தது. பாட வைக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று தமிழில் ஒரு வரி கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் தொண்டைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் நாகர்கோவில் பக்கம், இப்போது சென்னை. தெற்கத்திச் சபைகளில் பலவற்றில் இன்னமும் டானிக் சோல்ஃபாதான். நோட்டில் டோ, ரே, மீ என்று எழுத்தாகவே இருக்கும். கோடு போட்ட ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் பத்துப் பேரில் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆகவே மாஸ்டர் பாடிக் காட்டுவார், குழு திருப்பிப் பாடும். குழு பாடுவது நாலு பார்ட்டாக: பெண்களில் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ, ஆண்களில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ். மாஸ்டர் சோப்ரானோவுக்குக் கள்ளக்குரலில் மேலே ஏறுவார், ஆல்டோவுக்குக் கொஞ்சம் இறங்குவார், டெனர் சொந்தக் குரல், பேஸுக்கு வந்தால் நெஞ்சை அழுத்திக் கீழே போவார். பாடுகிறவர்கள் ஒரு பார்ட்டைத்தான் பாடுகிறார்கள், அதிலும் மற்றவர்கள் பயிலும்போது உட்கார்ந்து வாட்ஸாப் பார்க்கிறார்கள். மாஸ்டர் நாலு பார்ட்டையும் பாடுகிறார், அதுவும் அத்தனை பேர் குரலுக்கும் மேலே கேட்கிற மாதிரி. நடுவில் கத்திப் பேச்சும் உண்டு. "டெனர்ஸ், அங்கே ஃப்ளாட் அடிக்குது!" (ஸ்ருதி இறங்குகிறது) என்பதை யாரும் மெதுவாகச் சொன்னதாக நான் பார்த்ததில்லை.

இதில் ஃபேனும் சேர்ந்துகொண்டது. கோவிட்டுக்கு முன்னால் நாங்கள் ஏசி போட்ட சின்ன அறையில் பயிற்சி செய்வோம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழுவின் ஒரே மாலைப் பயிற்சிக்கு 61 பேர் வந்து, அதில் 53 பேருக்கு நோய் தொற்றி, இரண்டு பேர் இறந்துபோனார்கள். உலகம் முழுக்கக் கொயர்கள் மிரண்டது அதற்கு அப்புறம்தான். எங்கள் கமிட்டியும் மிரண்டு, பயிற்சியைப் பெரிய ஹாலுக்கு மாற்றியது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், சீலிங் ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் ஓடும், வெளியே பஸ் ரூட். காற்றோட்டத்துக்கு அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் சுற்றிச் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911லேயே எழுதி வைத்த விஷயம் இது. அந்த ஹாலுக்குப் போனதிலிருந்து என் குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

தொண்டை கெட்ட அந்த வருடம் என் கையில் மூன்று குழுக்கள். ஒரு சபைக் கொயர், ஒரு கல்லூரிக் கொயர், அப்புறம் ஐடி வேலை பார்க்கிற இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒன்று. இந்த மூன்றாவது குழுவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் மெசையா மேல் ஆசை. முழுவதும் இல்லை, முதல் பாகத்திலிருந்து சில கோரஸ்களும் கடைசியில் அல்லேலூயாவும். ஹேண்டல் 1741இல் இந்த முழு ஆரட்டோரியோவையும் (நடிப்பில்லாமல் பாடும் நீண்ட இசைப் படைப்பு) 24 நாளில் எழுதி முடித்தார், அடுத்த ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறியது. எழுத 24 நாள் போதும், அதை வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குச் சொல்லித்தர ஒரு சீசன் போதாது. குறிப்பாக "ஃபார் அன்டு அஸ் எ சைல்ட் இஸ் பார்ன்" (நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்) கோரஸ். "பார்ன்" என்ற ஒரே சொல்லின் மேல் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரங்களாக, அதாவது ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரமாக, நீண்டு ஓடும் ஓட்டம் நாலு பார்ட்டுக்கும் மாறி மாறி வரும். அந்த இசையை ஹேண்டல் முதலில் எழுதியது இதற்காக இல்லை. அதே வருடம் தான் எழுதிய ஓர் இத்தாலியக் காதல் டூயட்டிலிருந்து எடுத்து இங்கே பொருத்திக்கொண்டார். முதல் சொல்லில் அழுத்தம் விழக் கூடாத இடத்தில் விழுவது அதனால்தான். இரண்டு பேர் பாடுவதற்கான லாகவத்தில் எழுதியதை நாற்பது பேரை வைத்துப் பாட வைப்பது லேசில்லை. அந்த ஓட்டத்தை ஒவ்வொரு பார்ட்டுக்கும் பாடிக் காட்டிக் காட்டித்தான் என் தொண்டை தேய்ந்தது.

அறிகுறிகளைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் போவது சத்தம் இல்லை. கத்திப் பேச முடிந்தது, பேஸ் பார்ட் பாட முடிந்தது. மேல் ஸ்தாயியில் மெதுவாகப் பாடுவதுதான் முதலில் போனது. சத்தமாகப் பிடித்தால் வரும், மெல்லத் தொட்டால் வெறும் காற்றுதான் வரும், ஒரு கணம் கழித்துத்தான் ஸ்வரம் ஒட்டும். காலையில் குரல் பரவாயில்லை, மாலைக்குள் கரகரப்பு. நாளெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கத் தோன்றும். இதற்கு ஒரு சின்னப் பரிசோதனை இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "ஹாப்பி பர்த்டே" முதல் வரியை உங்களால் முடிந்த உயர்ந்த ஸ்ருதியில், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி மிக மெதுவாகப் பாடிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்கும் நாளில் எந்த ஸ்ருதி வரை வருகிறது என்று கீபோர்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அது இறங்கியிருந்தால் உள்ளே வீக்கம் இருக்க வாய்ப்புண்டு. இப்போது நான் வாரா வாரம் இதைச் செய்கிறேன். பைசா செலவில்லை.

டாக்டர்கள் கதை கொஞ்சம் கசப்பானது. வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்த முதல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் எழுதினார். அது கேட்காததால் போன இரண்டாவது டாக்டர் அசிடிட்டி என்று சொல்லி மாத்திரையும், ஆவி பிடிக்கச் சொல்லி ஒரு மருந்தும் தந்தார். இரண்டு பேருமே என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கவில்லை, குரல் நாணைப் பார்க்கவும் இல்லை. வாயைத் திறந்தால் தெரிவது தொண்டையின் மேல்பக்கம்தான். குரல் நாண் அதற்கும் கீழே குரல்வளைக்குள் இருக்கிறது. டார்ச்சுக்கு எட்டாது. மருந்து, ரத்தப் பரிசோதனை, ஃபீஸ் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் போனது, அதைவிட முக்கியமாக நல்ல வாரங்கள் போயின. அந்த வாரங்களிலும் நான் பயிற்சியை நிறுத்தவில்லை, மாத்திரை போட்டிருக்கிறோமே என்ற தைரியம். குரல் கரகரப்பு நாலு வாரத்தில் தெளியவில்லை என்றால் குரல் நாணை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்பது இ.என்.டி. மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட வழிமுறை. குரலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அந்த நாலு வாரம் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர், பாடகர், கொயர் மாஸ்டர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். "ஸ்ட்ரோபோஸ்கோப்பி எங்கே செய்வார்கள்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், குரல் நாண் அதிர்வதைக் கேமராவில் பார்க்கும் பரிசோதனை அது. என் கீபோர்டிஸ்டின் தங்கை ஸ்பீச் தெரபி படிக்கிற பெண். அவள் சொல்லித்தான் எனக்கு அந்தப் பெயரே தெரியும்.

குரலுக்கென்றே தனியாகப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். பரிசோதனைக்கும் ஃபீஸுக்கும் சேர்த்து 4,200. நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, ஒரு நீளக் கம்பி மாதிரி கேமராவை உள்ளே விட்டு, "ஈ..." என்று இழுக்கச் சொல்வார்கள். குமட்டும், வலி இல்லை. ஆண்களின் குரல் நாண் பேசும்போதே விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குரலின் ஸ்ருதிக்கு ஒரு துளி முன்பின்னாக விளக்கை மின்ன வைத்தால் அந்த அதிர்வு மெதுவாக நடப்பதுபோல் திரையில் தெரியும். பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள் அலையடித்து மூடித் திறக்கின்றன. மூடும்போது நடுவில், இரண்டு பக்கமும் நேருக்கு நேராக, சின்னதாக மேடு. மேடும் மேடும் முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து காற்று ஒழுகுகிறது. நாட்யூல்ஸ் என்றார் டாக்டர். மண்வெட்டி பிடிக்கிறவன் கையில் காய்ப்பு விழுகிற மாதிரிதான் என்றார். ஆபரேஷனா என்று பயந்துபோய்க் கேட்டேன். "சவுண்ட் ஆஃப் மியூசிக்" படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1997இல் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டு பாடும் குரலையே இழந்த கதை எனக்குத் தெரியும். இந்த வகைக்கு முதலில் தெரபிதான், கத்தி கடைசியில்தான் என்றார். பாலிப் என்ற சதை வளர்ச்சி, ரத்தக் கசிவு போன்றவற்றுக்கு வழி வேறு. அதனால்தான் என்னவென்று பார்க்காமல் மருந்து சாப்பிடக் கூடாது.

சில நாள் சுத்தமாகப் பேசக் கூடாது, அப்புறம் தெரபி, பாடிக் காட்டுவது கூடவே கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது என்றார்கள், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குமாம். அன்றைக்கு இரவு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. மனைவியிடம் வாட்ஸாப்பில்தான் பேச்சு, ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு. ஊரிலிருந்து அம்மா போன் செய்வார், நான் எடுத்துச் செருமினால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்; செருமக் கூடாது என்று தெரபிஸ்ட் சொன்னதும் அதுவும் நின்றது, அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பயம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். குரல் போன மாஸ்டர் என்றால் யார் கூப்பிடுவார்கள்? கல்லூரியில் விஷயத்தைச் சொன்ன மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், தகவல் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே வரவேண்டிய 45,000 அப்படியே போனது. வீட்டுக்கு வரும் வாய்ப்பாட்டு மாணவர்கள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டதில் ஏறக்குறைய 60,000. கல்யாண ஆராதனைகளுக்கு ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்ததில் 30,000. கோபமெல்லாம் வந்தது, பொறாமையும் வந்தது. அந்தப் புது மாஸ்டர் டிசம்பரில் போட்ட வீடியோவை நள்ளிரவில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் செய்திருந்தார்.

மற்ற இரண்டு குழுக்களும் என்னை விடவில்லை, எனக்கும் வேறு வழியில்லை. ஒரு வொயிட்போர்டு, ஒரு மார்க்கர், கீபோர்டிஸ்ட், நான். முதல் நாள் படுமோசம். எழுதி முடிப்பதற்குள் எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள், கை தட்டினால் சிரிப்பார்கள். அன்று வீட்டுக்கு வந்து, வேறு எங்காவது பேசாமல் சொல்லித்தர வழி உண்டா என்று தேடப் போய்த்தான் நம் சோல்ஃபாவுக்கே ஒரு கை மொழி இருந்தது தெரிந்தது. இங்கிலாந்தின் நார்விச் ஊர்க்காரரான சாரா க்ளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறையை எடுத்து வளர்த்தவர் ஜான் கர்வென் என்ற ஆங்கிலேயப் போதகர். அவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச் சைகை வைத்திருக்கிறார். பின்னால் ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளரின் வழியில் இசை சொல்லித் தந்தவர்கள் அதை எடுத்துப் பள்ளிக்கூடமெங்கும் பரப்பினார்கள். மிஷனரிகள் வழியாக நமக்கு எழுத்து வந்தது, நோட்டுப் புத்தகம் வந்தது. என் ஊரில் சைகையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

டோ என்றால் மூடிய முஷ்டி, இடுப்பு உயரத்தில். ரே என்றால் விரல்கள் மேல்நோக்கிச் சாய்ந்த உள்ளங்கை. மீ தரைக்குச் சமமாகப் படுத்த கை. ஃபா கட்டைவிரல் கீழே காட்டும். சோ உள்ளங்கை நெஞ்சைப் பார்க்கும். லா மணிக்கட்டிலிருந்து கை தொங்கும். டீ ஆள்காட்டி விரல் மேலே. மேல் டோ மறுபடி முஷ்டி, நெற்றி உயரத்தில். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம், குழு அதைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வலது கையில் சோப்ரானோவுக்கு ஒரு ஸ்வரம், இடது கையில் ஆல்டோவுக்கு ஒரு ஸ்வரம் என்று காட்டி நிறுத்தி வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மீ இறங்கியிருந்தால் அந்தக் கையை மட்டும் ஒரு விரல்கடை உயர்த்தினால் போதும், ஸ்ருதி ஏறும். இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், சைகை பார்க்க வேண்டும் என்பதற்காகவே எல்லாரும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள். வருடக்கணக்கில் "மேலே பாருங்க, மேலே பாருங்க" என்று கத்தி நடக்காத காரியம்.

இரண்டாவது, எண்ணிப் பாடுவது. அமெரிக்காவில் ராபர்ட் ஷா என்ற பெரிய கொயர் நடத்துனர் இருந்தார், 1999இல் காலமானார். வார்த்தை இல்லாமல் "ஒன் அண்ட் டூ அண்ட் டீ அண்ட் ஃபோர் அண்ட்" என்று தாளத்தை எண்ணியே ஸ்வரங்களைப் பாட வைப்பார், அதுவும் ரொம்ப மெதுவாக. "த்ரீ" வாயில் சிக்கும் என்பதால் "டீ". தாளம் துல்லியமாகும், குழுவின் குரலும் மிச்சமாகும். நாங்கள் "ஒண்ணு ரெண்டு" என்று தமிழில் முயன்றோம், சொற்கள் நீளம், ஓட்டத்தில் இடறியது, ஆங்கில எண்ணுக்கே போய்விட்டோம். "பார்ன்" ஓட்டம் வருடத்தில் முதல்முறையாக நேராக ஓடியது இப்படித்தான். சத்தமாகப் பாடும்போது பதினாறில் ஒரு பங்கு ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெதுவாக எண்ணும்போது ஒவ்வொன்றும் தனியாக நிற்கும்.

மூன்றாவது விஷயம் என் காது. கூடவே பாடிக்கொண்டு நடத்தினால் நமக்குக் கேட்பது பெரும்பாலும் நம் குரல்தான். எலும்பு வழியாகவும் வந்து மண்டைக்குள் நிறைந்து நிற்கும். ஆல்டோ எங்கே இறங்குகிறது என்று எனக்கு உண்மையில் கேட்டதே இல்லை என்பது பாடுவதை நிறுத்திய பிறகுதான் புரிந்தது. அல்லேலூயாவில் ஒரு இடத்தில் பேஸில் இரண்டு பேர் சீசன் முழுவதும் டெனர் லைனைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். அப்புறம் மூச்சு. ஆரம்பத் தட்டுக்கு முன் ஒரு தயாரிப்புத் தட்டு கொடுப்போம் இல்லையா, அதில் நான் எப்படி மூச்சு இழுக்கிறேனோ அப்படித்தான் குழுவும் இழுக்கிறது. நான் தோளைத் தூக்கினால் அவர்களும் தூக்குகிறார்கள், நான் கழுத்தை இறுக்கினால் சோப்ரானோ குரல் கீச்சிடுகிறது. வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்துக் காட்டினால் சொல்லாமலே சத்தம் உருண்டு வருகிறது. இன்னொன்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் ஒரு நாள் பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்தச் சொன்னார். வாய் அசையும்போது தொண்டையும் கூடவே இறுகிக்கொண்டிருந்ததாம். உதட்டை மூடிக்கொண்டு நடத்திப் பாருங்கள், முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும். ஆல்டோவில் ஒரு ஆன்ட்டி, எழுபதை நெருங்குகிறவர், "தம்பி, நீங்க பேசாம இருந்தாத்தான் எங்களுக்குப் பாட்டு வருது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

இசை நடத்துவதில் தொழில்நோய் என்றால் புத்தகங்களில் வரும் பெயர் பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி. 1687இல் பாரிஸில் கனத்த கழியால் தரையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் தன் கால் விரலிலேயே அடித்துக்கொண்டு, புண் அழுகி இறந்துபோனார். எல்லாரும் சிரிக்கிற கதை. அந்தக் கழி இன்று சின்னக் குச்சியாகிவிட்டது. தொண்டைக்கு அப்படி ஒரு மாற்றம் இன்னும் வரவில்லை.

பார்ட் சொல்லித்தரும் வேலையில் பாதியை இன்று கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடலாம், இது உண்மையிலேயே புதிய வசதி. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நோட்டேஷனை அடித்தால், ஒரு பார்ட்டை மட்டும் உரக்கவும் மற்றதை மெல்லவும் வைத்து ஆடியோவாக எடுக்கலாம். 2022 கடைசியில் வந்த நான்காம் பதிப்போடு கொயர் ஒலியும் இலவசமாகவே தருகிறார்கள், வார்த்தை வராது, "ஆ" என்று பாடும், பழக அது போதும். ஹேண்டல், பாக் போன்றவர்களின் நோட்டேஷன் 1998இல் தொடங்கிய சிபிடிஎல் என்ற இணைய நூலகத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே அடித்தே கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஜான் ரட்டர் போல இப்போது இசையமைத்துக்கொண்டிருப்பவர்களின் பாடல்களை அப்படி எடுக்கக் கூடாது, நோட்டேஷனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஜெராக்ஸ் போடுவதும் திருட்டுதான். நம் ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். இன்னொன்று, வாட்ஸாப்பில் அனுப்பும் பார்ட் டிராக்கை உங்கள் குரலில் பாடிப் பதிவு செய்யாதீர்கள். பலர் அதைத்தான் செய்கிறோம், இரவு பதினொரு மணிக்கு, நாலு பார்ட்டையும். அது இன்னொரு முழுப் பயிற்சிக்குச் சமம்.

தெரபி என்றால் பெரிய கருவி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் கொஞ்சமாக அமிழ்த்தி "ஊ" என்று ஊதிக்கொண்டே குரலைக் கீழிருந்து மேலே வழுக்கி ஏற்றி இறக்க வேண்டும், குமிழி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வாய்ப்பக்கம் குறுகியிருப்பதால் காற்று உள்ளே எதிர் அழுத்தம் தந்து, குரல் நாண்கள் பலமாக மோதாமல் அதிரும். அமெரிக்க விஞ்ஞானி இங்கோ டிட்ஸெ இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். தினமும் காலை, மாலை, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பின்னும். செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்கவேண்டும். பைக்கில் போகும்போது போன் பேசக் கூடாது. தெரபிஸ்ட் ஒரு தடவைக்கு 900 ரூபாய் வாங்கினார், மொத்தம் 18,000 வந்தது. குரல் கொஞ்சம் திரும்பியதும் நிறுத்திவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது, மனைவிதான் விடவில்லை. மருத்துவக் காப்பீட்டில் ஒரு பைசா கிடைக்கவில்லை. அட்மிட் ஆகாமல் செய்யும் சிகிச்சை என் பாலிசியில் இல்லை. புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் வெளிநோயாளி செலவுக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போகும்முன் அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், ஆர்சிஐ நம்பர் என்று கேட்டால் சொல்வார்கள். குழந்தைகளின் பேச்சுப் பயிற்சியிலேயே இருப்பவர்களைவிடக் குரல் சிகிச்சையில் பழக்கம் உள்ளவரைத் தேடுவது நல்லது.

நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் 1,800 ரூபாய்க்கு ஒரு இடுப்பு ஸ்பீக்கர். டூரிஸ்ட் கைடுகள் மாட்டிக்கொள்வார்களே, காதோரம் மைக்கோடு, அதேதான். குரல் பிரச்சினை உள்ள ஆசிரியர்களை வைத்து அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், குரலைப் பேணுவது எப்படி என்று பாடம் கேட்டவர்களைவிட இப்படி மைக் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெளிவான முன்னேற்றம் இருந்தது. எங்கள் சபையில் பெரியவர் ஒருவர் "மாஸ்டர் என்ன, மீன் விக்கிற வண்டியா?" என்று கேட்டார். கேட்கட்டும்.

டிசம்பர் நிகழ்ச்சி நடந்தது. மெசையாவில் திட்டமிட்டதில் பாதியை வெட்டினோம், "ஃபார் அன்டு அஸ்" இருந்தது, அல்லேலூயா இருந்தது. இளைஞர் குழுவின் பேஸ் பாடகர் ஒருவர் அறிவிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நான் குனிந்து நிமிர்ந்ததோடு சரி. வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு நான் போகவில்லை. பனியில் வேனில் நின்று விடியவிடியக் கத்துவதற்கு இனி எந்த வருடமும் போகப்போவதில்லை. இப்போது குரல் பேச்சுக்கு முழுமையாக வந்துவிட்டது. கள்ளக்குரலில் மேலே மெதுவாகப் போனால் சில நாள் இன்னும் காற்று ஒழுகுகிறது, அன்றைக்கு வாய்ப்பாட்டு வகுப்பை ரத்து செய்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு கொயர் கேட்டால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பயிற்சிக்கு என்னைத் தவிர ஒரு கீபோர்டிஸ்ட் வேண்டும், அவருக்குச் சம்பளம் தனி. ஒவ்வொரு பார்ட்டிலும் அதைப் பாடிக் காட்டக் கூடிய ஒருவர் பார்ட் லீடராக இருக்க வேண்டும், சோப்ரானோவுக்கு ஒரு பெண்தான் பாடிக் காட்டுவார். ஒரே நாளில் இரண்டு குழுக்களை எடுக்க மாட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை. எனக்குக் குரல் போனால் அதுவரை நடந்த பயிற்சிக்குப் பணம் தரவேண்டும், ஆளை மாற்றினாலும். வழக்கமாக இந்தக் கடைசி வரியில்தான் செயலர்கள் நிறுத்துவார்கள். ஆனால் இந்த ஆகஸ்டில் ஒரு சபையின் செயலர் படித்துப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் சரி மாஸ்டர், கீபோர்டுக்குத் தனியா காசு கமிட்டியில பாஸ் ஆகாது, நீங்களே வாசிச்சுப் பாடிடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். வேறு ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள், என்னிடம் படித்தவன்தான். அவனைக் கூப்பிட்டு அந்த ஒரு பக்கத்தை அனுப்பி வைத்திருக்கிறேன், கூடவே பார்ட் டிராக்குகளையும்.